மேட்டை வெட்டிப் பள்ளம் நிரப்பிய தகப்பன்

எமது ஊர்களில் குடும்பப் பெரியவர் ஒருவர் கண்மூடினால் முப்பத்தொராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிடுவது வழக்கம். எங்கே பிறந்தார், யாரை மணந்தார், பிள்ளைகள் எத்தனை, மருமக்கள் எந்தெந்த ஊர், என்னென்ன பொறுப்புக்களை வகித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பணிக்காலத்தில் நாம் எத்தனையோ கல்வெட்டுக்களை வாசித்திருக்கிறோம். சிலவற்றுக்கு ஆசியுரையும் எழுதியிருக்கிறோம். ஆயினும் ஒரு குறை எமது மனதை உறுத்துவதுண்டு. அந்தப் பெரியவர் தமது காணியை எப்படித் திருத்தினார், எந்த வரம்பை எந்த வருடம் கட்டினார், வெள்ளத்தில் பயிர் அழிந்தபோது அடுத்த போகத்துக்கான விதைநெல்லை எங்கே தேடினார் என்ற செய்திகள் அங்கே இரா. பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடிய செய்தி அதுவேயல்லவா?

காணியை விட்டு வரநேர்ந்த குடும்பங்களில் இக்குறை இன்னும் பெரிது. காணி கண்முன்னே இல்லாதபோது, அதில் தகப்பன் சிந்திய வியர்வை பேச்சில் மட்டுமே உயிர்வாழும். பேச்சும் நின்றால் அதுவும் போய்விடும்.

இம்முறை நாம் நினைவுகூர எடுத்துக்கொண்டவர் எமது நாட்டவர் அல்லர். இத்தாலியின் வடபகுதியில், போ நதி பாயும் சமவெளியில் வாழ்ந்த ஒரு கமக்காரர். பெயர் அல்சீடே செர்வி. 1875இல் பிறந்து 1970இல், தமது 94ஆவது வயதில் காலமானார். இத்தாலியர் அவரைச் 'செர்வி அப்பா' என்றே அழைத்தனர். ஏழு ஆண்மக்களை ஒரே காலையில் பறிகொடுத்த தகப்பன் என்பதால் அவர் பெயர் பரவியது. ஆனால் அந்த ஒரு காலையைக் கொண்டு மட்டும் அவரை அறிவது போதாது. அதற்கு முன் பல பத்து வருடங்கள் அவர் மண்ணில் உழைத்தார். அதற்குப் பின்னும் உழைத்தார். அந்த உழைப்பைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

வாரக் கமமும் வண்டிப் பயணமும்

றெஜியோ எமிலியா என்ற நகரைச் சூழவுள்ள கிராமங்களில் ஒன்றான காம்பேஜினேயில் அல்சீடே பிறந்தார். அப்பகுதியில் பெரும்பாலான கமக்காரருக்குச் சொந்தக் காணி கிடையாது. காணிக்காரரின் நிலத்தை வாரத்துக்குச் செய்து, விளைச்சலில் ஏறத்தாழப் பாதியை அவருக்கு அளந்து கொடுக்கவேண்டும். என்ன விதைப்பது, எந்த மாட்டை விற்பது என்பதில் காணிக்காரரின் சொல்லே முடிவு. காணியை நன்றாகத் திருத்தினாலும் அதன் பலன் தன் பிள்ளைக்குக் கிடைக்கும் என்ற உறுதி வாரக்காரனுக்கு இல்லை.

ஒப்பந்தங்கள் முடியும் நாள் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். அன்று சட்டிபானை, கட்டில், கோழிக்கூடு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பங்கள் வேறொரு காணிக்குப் புறப்படும். 'புனித மார்ட்டின் செய்வது' என்றால் அந்தப் பகுதியில் வீடு மாறுவது என்றே பொருள். ஒரு திருநாளின் பெயரே மூட்டை கட்டுவதற்குப் பெயரானது என்றால், அந்த ஏழைகளின் வாழ்வு எப்படியிருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மூட்டை கட்டிப் பழகியவர்களுக்கு அது தானே விளங்கும்.

அல்சீடே மணந்த பெண் ஜெனோவெபா. இவர்களுக்கு ஏழு ஆண்பிள்ளைகள், இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவர் ஜெலிந்தோ 1901இல் பிறந்தார். கடைக்குட்டி எத்தோரே 1921இல். இடையில் அந்தேனோரே, அல்டோ, பெர்தினாந்தோ, அகொஸ்தினோ, ஒவீதியோ ஆகியோர். குளிர்கால மாலைகளில் அப்பகுதியினர் மாட்டுக்கொட்டிலிலேயே கூடியிருப்பர். விறகுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு மாடுகளின் மூச்சே வெப்பம். அங்கே தாய் ஜெனோவெபா விவிலியக் கதைகளையும் பழைய காவியக் கதைகளையும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார். அந்த வீட்டில் புத்தகம் நுழைந்தது தாயின் கையால்.

தகப்பன் கத்தோலிக்கர். குரு லூயிஜி ஸ்தூர்சோ 1919இல் தொடக்கிய மக்கள் கட்சியைச் சார்ந்திருந்தவர். வாரக் கமக்காரர் தமது உரிமையைக் கேட்பது பாவமல்ல என்று அங்கே கற்றுக்கொண்டவர்.

ஐம்பத்தொன்பது வயதில் ஒரு துணிவு

மூன்றாவது மகன் அல்டோ இராணுவச் சேவையில் காவல் நின்ற ஓர் இரவில், அடையாளச் சொல் கூறாது நெருங்கிய மேலதிகாரி மீது சுட்டுவிட்டார். கட்டளைப்படி நடந்தவருக்குத் தண்டனையே கிடைத்தது. சில வருடங்கள் கயேற்றா இராணுவச் சிறையில் இருந்தார். முசோலினியின் ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டவர்கள் அங்கே இருந்தனர். சிறை அவருக்குப் பள்ளிக்கூடமானது. திரும்பி வந்தபோது பொதுவுடைமைக் கருத்துக்களும் புதிய விவசாய முறைகள் பற்றிய எண்ணங்களும் அவருடன் வந்தன.

தகப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். அக்காலத்தில் இத்தாலியில் இந்த இரு பக்கமும் ஒரே மேசையில் உண்பது அரிது. செர்வி வீட்டில் உண்டனர். இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது என்பதால் இங்கு குறிப்பிடுகிறோம்.

வாரக் கமத்தை விட்டுவிட்டுக் காசுக் குத்தகைக்குப் போவோம் என்பது மகனின் ஆலோசனை. குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த பணத்தைக் கட்டவேண்டும். ஆபத்து அதிகம். ஆனால் என்ன விதைப்பது, எப்படித் திருத்துவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம். 1934இல் அல்சீடேக்கு ஐம்பத்தொன்பது வயது. எமது ஊர்களில் கமத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் திண்ணையில் சாயும் வயது. 'நான் இருக்கும்வரை இது நடவாது' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. குடும்பம் முழுவதும் காத்தாத்திக்கோ என்ற ஊருக்கு அருகில் 'காம்பி றொஸ்ஸி' என்று பெயர்கொண்ட காணிக்குக் குடிபெயர்ந்தது.

பெரியவர் என்பதற்கு அடையாளம் அதிகாரம் என்று நாம் எண்ணுகிறோம். பிள்ளையின் புத்தியைத் தன் அனுபவத்தோடு சேர்த்து நிறுத்துப் பார்த்து, சரியென்று கண்டால் அதன் பின்னால் தன் உழைப்பை நிறுத்துவதும் பெரியவரின் வேலைதான்.

மேடும் பள்ளமும்

காம்பி றொஸ்ஸி நல்ல காணியாக அவர்கள் கையில் வரவில்லை. எங்கும் மேடும் பள்ளமும். பள்ளத்தில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். மேட்டுக்கு நீர் ஏறாது, பயிர் கருகும். வாரக்காரனாயின் இருந்ததை உழுதுவிட்டுப் போயிருப்பான். செர்வி குடும்பம் காணியை மட்டப்படுத்தத் தொடங்கியது. தகப்பனும் ஏழு பிள்ளைகளும் மேட்டை வெட்டி, மண்ணை ஏற்றி இழுத்துப் பள்ளத்தில் கொட்டினர். அயலவர் சிரித்தனர். குத்தகைக் காணியில் இப்படி உழைப்பவர்களுக்குப் பைத்தியம் என்றே பேசினர்.

இவ்வேலையின் கடினம் எமது வாசகர்களுக்குத் தெரியும். வயலைச் சமப்படுத்தும்போது மேல்மண்ணை முதலில் ஒருபுறம் ஒதுக்கிவைத்து, அடிமண்ணை வெட்டி நிரப்பி, பின்னர் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பவேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் தள்ளிவிட்டால், மேடாயிருந்த இடம் சில போகங்களுக்குச் சோர்ந்தே நிற்கும். மாட்டெருவும் பசுந்தாட் பசளையும் இட்டு இட்டே அதைத் தேற்றவேண்டும். முதல் வருடத்தில் பலன் தெரியாத வேலை இது. பொறுமையுள்ள குடும்பமே இதைச் செய்யும்.

நிலம் மட்டமானதும் நீர் ஒழுங்காகப் பாய்ந்தது. மேய்ச்சற்புல் செழித்தது. புல் செழிக்க மாடு பெருகியது. மாடு பெருக எரு பெருகியது. எரு பெருக நிலம் மேலும் செழித்தது. அப்பகுதி சீஸ் எனப்படும் பாற்கட்டிக்குப் பெயர்போனது. பாலுக்கு விலை உண்டு. சிரித்த அயலவர் பின்னர் அதே முறையைத் தமது காணிகளிலும் கைக்கொண்டனர்.

1939இல் குடும்பம் ஓர் உழவு இயந்திரம் வாங்கியது. அதை வீட்டுக்கு ஓட்டிவந்த அல்டோ, கூடவே ஒரு பூகோள உருண்டையையும் கொண்டுவந்தார். இயந்திரம் நிலத்துக்கு, உருண்டை வீட்டிலுள்ளோருக்கு. கலப்பை பிடிப்பவன் தன் வரம்புக்கு அப்பாலுள்ளதையும் அறியவேண்டும் என்பது அந்த வீட்டின் எண்ணம். சேற்றுக் கையோடு உலகப் படத்தைத் தொடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திறந்த கதவும் எரிந்த கொட்டிலும்

1943 யூலை 25இல் முசோலினி பதவியிழந்தார். இருபது வருடக் கொடுங்கோன்மை ஒழிந்தது என்று நாடு மகிழ்ந்தது. செர்வி குடும்பம் அயற்குடும்பங்களோடு சேர்ந்து கோதுமை மாவில் செய்யும் பாஸ்தாவைப் பெருமளவில் சமைத்து, வெண்ணெயும் பாற்கட்டியும் கலந்து, பாற்கலன்களில் நிரப்பி வண்டியில் கொண்டுபோய்க் காம்பேஜினே சதுக்கத்தில் எல்லோருக்கும் வழங்கியது. போர்க்காலப் பசியில் அது பெருவிருந்து. இன்றும் ஆண்டுதோறும் யூலை 25இல் அந்த வீட்டு முற்றத்தில் அதே உணவு வழங்கப்படுகிறது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. செப்ரெம்பரில் ஜேர்மன் படைகள் நாட்டைப் பிடித்தன. பாசிசவாதிகள் மீண்டும் தலையெடுத்தனர். சிறைமுகாம்களிலிருந்து தப்பிய அந்நியப் போர்வீரர் வயல்வழியே அலைந்தனர். ரஷியர், தென்னாபிரிக்கர் எனப் பலருக்குச் செர்வி வீடு சோறும் படுக்கையும் கொடுத்தது. பிள்ளைகள் எதிர்ப்பு இயக்கத்திலும் இறங்கினர்.

1943 நவம்பர் 25 விடியுமுன் பாசிசப் படையினர் வீட்டைச் சூழ்ந்தனர். கொட்டிலுக்கும் வைக்கோலுக்கும் தீ மூட்டப்பட்டது. உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருந்ததால் ஆண்கள் சரணடைந்தனர். பிள்ளைகளைத் தனியே விட மனமின்றி அறுபத்தெட்டு வயதுத் தகப்பனும் கூடவே சென்றார். பெண்களும் குழந்தைகளும் தெருவில் நின்றனர்.

டிசம்பர் 27இல் வேறோர் இடத்தில் பாசிச அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கவென, ஒரு மாதமாகச் சிறைக்குள் கிடந்த ஏழு சகோதரரும் மறுநாள் 28ஆந் திகதி காலை, இன்னோர் இளைஞரோடு றெஜியோ எமிலியாவின் சூட்டுப் பயிற்சித் திடலில் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே சிறையில் இருந்த தகப்பனுக்கு எவரும் உண்மையைச் சொல்லவில்லை. வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்றே அவர் நம்பியிருந்தார்.

1944 ஜனவரி முற்பகுதியில் விமானக் குண்டுகள் சிறையைத் தாக்கின. இடிந்த சுவர்வழியே அவர் வெளியேறி வீடு வந்தார். வந்தவர் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். ஜெனோவெபாவுக்கு எல்லாம் தெரியும். சிறைவாழ்வால் நொந்து வந்த கணவரிடம் உடனே சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஏழு பிள்ளைகளின் மரணத்தை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு, அவர்கள் திரும்பிவருவதைப் பற்றிக் கணவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னரே சொன்னார். அவ்வருடம் ஒக்டோபரில் பாசிசவாதிகள் மீண்டும் வந்து தீயிட்டனர். ஜெனோவெபாவின் இதயம் அதைத் தாங்கவில்லை. நவம்பர் 14இல் அவர் மரணமானார்.

இவ்வாறான இரவுகளை அறிந்த வாசகர்கள் எம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு இங்கே ஆறுதல் வார்த்தை அடுக்க நாம் முற்படவில்லை. அந்தத் தகப்பன் அடுத்த நாள் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறோம்.

பதினொரு பிள்ளைகளுக்குச் சோறு

வீட்டில் எஞ்சியவர்கள் கிழவர் ஒருவர், நான்கு விதவை மருமக்கள், பதினொரு பேரப்பிள்ளைகள். மாடுகளுக்குத் தீனி வைக்கவேண்டும். பால் கறக்கவேண்டும். குத்தகை கட்டவேண்டும். உறவினர் சிலரின் கைத்துணையோடு, ஏறக்குறைய எழுபது வயதில் அல்சீடே மீண்டும் வயலில் இறங்கினார்.

ஒரு விளைச்சல் அழிந்தால் கமக்காரன் அடுத்ததை நினைத்தே நிலத்துக்குப் போகவேண்டும் என்பதே அவர் பின்னாளில் தமது துயரத்தைப் பற்றிப் பேசிய விதம். இதைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. பிள்ளைகள் பயிரைப்போலத் திரும்ப முளைப்பார்கள் என்று அவர் எண்ணவில்லை. மறந்துவிட்டார் என்பதுமல்ல. மகன் வெட்டி மட்டப்படுத்திய நிலத்தில் மகனின் பிள்ளைக்குச் சோறு விளையாமல் போனால், மகன் இரண்டாம் முறை சாவான் என்பதை அவர் அறிந்திருந்தார். அவரது துக்கம் வேலையின் வழியாகவே வெளிவந்தது. அதற்கு வசதியாக நிலம் ஏற்கெனவே மட்டமாகியிருந்தது. எரித்தவர்களால் கொட்டிலை எரிக்க முடிந்தது. நிரப்பிய பள்ளத்தை மீண்டும் தோண்ட முடியவில்லை.

இங்கே மருமக்களைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். ஏழு வெள்ளிப் பதக்கங்களை நெஞ்சில் அணிந்த கிழவரின் படம் உலகம் முழுவதும் போனது. அவர் கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் அழைக்கப்பட்டுப் போனபோது, விடியுமுன் எழுந்து பால் கறந்தவர்கள் அந்தப் பெண்கள். பிள்ளைகளுக்குச் சோறூட்டியவர்களும் வயலைப் பார்த்தவர்களும் அவர்களே. அவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. பெரியவரைப் புகழும்போது அவருடைய நிழலில் நின்ற பெண்களின் உழைப்பை மறந்துவிடுவது எமது கல்வெட்டுக்களிலும் உள்ள குறைதான். தனித்து நின்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தாய்மார் எமது ஊர்களில் எத்தனை பேர்!

கொல்லப்பட்ட ஏழுபேருக்கும் ஊரறிய அடக்கச் சடங்கு நடந்தது 1945 ஒக்டோபர் 28இல், போர் முடிந்த பின்னரே. 1954இல் நாட்டின் சனாதிபதி லூயிஜி எய்னோடி செர்வி அப்பாவைத் தமது மாளிகைக்கு அழைத்துச் சந்தித்தார். எய்னோடி பொருளியல் அறிஞர். காணி பயிர் பற்றிய அறிவும் உள்ளவர். அவர் வெளியிட்ட சஞ்சிகையைச் செர்வி சகோதரர் தமது வீட்டில் வாசித்திருந்தனர். நிலத்தை எப்படி மட்டப்படுத்தினீர்கள் என்று சனாதிபதி கேட்க, கிழவர் விளக்கினார். கமக்காரனுக்கு அதைவிட மேலான மரியாதை உண்டோ? அவருடைய துயரத்தை எல்லோரும் விசாரித்தனர். அவருடைய தொழிலை ஒருவர் விசாரித்தார்.

1955இல் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட 'எனது ஏழு மைந்தர்' என்ற நூல் வெளிவந்து பல மொழிகளுக்குச் சென்றது. 1970 மார்ச் 27இல் அவர் காலமானார். இறுதி ஊர்வலத்தில் இரண்டு இலட்சம் பேர்வரை கலந்துகொண்டதாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கமவீடு இப்போது அரும்பொருட் காட்சியகம். உழவு இயந்திரமும் பூகோள உருண்டையும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

எமது வீட்டுக் கல்வெட்டு

அந்தக் குடும்பத்தின் கதை எமக்குக் கிடைத்ததற்குக் காரணம், கிழவர் உயிரோடு இருந்தபோதே யாரோ அவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதியமைதான். எமது வீடுகளில் அமர்ந்து கேட்பவர் யார்? பெரியவர் இறந்தபின் முப்பது நாட்களுக்குள் அவசரமாகத் தொகுப்பதைவிட, அவர் பேசக்கூடிய காலத்திலேயே ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்குவோம்.

காணி எந்த வருடம் வெட்டித் துப்பரவாக்கப்பட்டது, நாலு எல்லையிலும் யார் யார் இருந்தனர், கிணறு எத்தனை முழம், வாய்க்கால் எந்தப் பக்கத்தால் வந்தது, எந்த மரம் யார் நட்டது, என்ன நெல் எந்தத் தறையில் நன்றாக வந்தது, உறுதியோ அனுமதிப்பத்திரமோ எந்தக் கந்தோரில் எந்த வருடம் பெறப்பட்டது, இவையெல்லாம் எழுதப்படட்டும். பத்திரங்கள் தொலைந்த குடும்பங்களுக்கு இக்குறிப்புக்கள் பின்னர் காணி அலுவல்களிலும் கைகொடுக்கலாம். பெண்கள் செய்த வேலையையும் அதே கொப்பியில், அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவோம்.

அல்சீடே செர்வி தமக்குச் சொந்தமில்லாத காணியை மட்டப்படுத்தினார். அயலவர் சிரித்தது அதற்காகத்தான். அந்த வேலைதான் அவருடைய பேரப்பிள்ளைகளை வாழவைத்தது. இன்று தற்காலிகக் காணியில், பிறர் காணியில், ஒரு கொட்டிலின் பின்புறத்து நாலு பாத்தியில் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கும் தகப்பனும் தாயும் இதை மனதில் கொள்ளட்டும். கைப்பழக்கமாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்த உழைப்பை எவரும் தீயிட்டு அழிக்க முடியாது.

கூடிப் பேசுவதற்கு

1. எமது தகப்பன் அல்லது பேரன் காணியில் செய்த எந்த ஒரு வேலை இன்றும் எமக்குச் சோறு போடுகிறது? அதைப் பிள்ளைகள் அறிவார்களா?

2. பிள்ளைகள் சொன்ன புதிய முறையொன்றை நாம் மறுத்ததுண்டா? ஏற்றதுண்டா? விளைவு என்ன?

3. எமது குடும்பக் கதையில் பெண்களின் உழைப்பு எங்கே விடுபட்டிருக்கிறது?